கலாவைக் கூட்டிவரப் பள்ளிக்கரணைக்கு ஒரு பயணம்

இந்த வலைப்பூவில் ஏரி, கோயில், பிரியாணி என்று எழுதிக்கொண்டிருந்தவள் போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்கள் காப்பகத்துக்குப் போய்வந்தேன். என் பள்ளித் தோழி கலாவை வெளியே கூட்டிவரத்தான். கலா பாலியல் தொழில் செய்பவள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன். பம்மலில் அவளும் செல்வி அக்காவும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். நம் சட்டப்படி ஒருத்தி தனியாக இந்தத் தொழிலைச் செய்தால் அது மட்டுமே குற்றமாகாது. பயமில்லாமல் இருக்கலாம் என்று இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் அந்த வீடு 'விபச்சார விடுதி' ஆகிவிடும். சோதனைக்கு வந்த போலீஸார், செல்வி அக்கா ஊரில் இல்லாததால், கலாவை மட்டும் 'மீட்டு' காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். முப்பத்தாறு வயதுக்காரியை, அவள் கேட்காமலே! வழக்கறிஞர் வைத்துப் போராடி, அவள் விருப்பப்படி போகலாம் என்று நீதிமன்ற உத்தரவு வாங்கியாயிற்று.

தாம்பரத்தில் எட்டரை மணிக்கு மின்சார ரயில் ஏறினேன். பல்லாவரத்துக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து பம்மலுக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், பக்கத்து சீட்டுக்காரரின் காய்கறிப் பை என் மடியில் இலவசம். செல்வி அக்கா கலாவுக்கு ஒரு சுடிதாரோடு தெருமுனையில் நின்றிருந்தார். அவர்களுக்கு வழக்கமாக ஆட்டோ ஓட்டும் பாஷா அண்ணன் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து எண்ணூறு கேட்டார். பள்ளிக்கரணைக் காப்பகத்துக்கு ரேடியல் ரோடு வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். கீழ்க்கட்டளையில் வண்டி நகரவே இல்லை, எனவே பேச நேரம் கிடைத்தது.

"இதைச் சட்டப்படி தொழிலாக்கி லைசென்ஸ் கொடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடும்ல அக்கா?" என்றேன், எல்லாம் படித்துத் தெரிந்தவள் மாதிரி.

"இன்னாம்மா லைசென்ஸு?" என்றார் செல்வி அக்கா. "லைசென்ஸுன்னா அதுக்கு ஒரு ஆபீஸு வரும். ஆபீஸ்ல ஒரு சாரு குந்துவாரு. சாருக்கு மாமூல் வரும். அப்புறம் அட்டை கீறவ, அட்டை இல்லாதவன்னு எங்களயே ரெண்டா பிரிச்சு, இல்லாதவள புடிச்சுகினு போவாங்க. இது குத்தம்னு எழுதி வச்சிக்கிறத எடுத்துட்டா போதும். எவனாவது அடிச்சா நான் தெகிரியமா ஸ்டேஷனுக்குப் போவணும். இப்போ போனா என்னயே உக்கார வச்சிடுவாங்க."

அக்கா சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்.

காப்பகத்தில் கண்காணிப்பாளர் மேடம் உத்தரவைப் படித்தார். "எல்லாம் சரிதாம்மா. கூட்டிட்டுப் போக ஆம்பளைங்க யாரும் வரலையா? அப்பா, அண்ணன், புருஷன்? இங்க அப்படித்தான் வழக்கம்."

வெளியே ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் பாஷா அண்ணன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். "அவ்ளோதான? நான்தான் அண்ணன்னு சொல்லிக்கிறேன், வா."

அதற்குள் கலாவை அழைத்து வந்திருந்தார்கள். மெலிந்திருந்தாள். "இவர் உங்க அண்ணனா?" என்று மேடம் கேட்டார். கலா எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"இல்ல மேடம். ஆட்டோ ஓட்றவரு."

போச்சு, கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"உத்தரவுல என் பேருதான் மேடம் கீது, அண்ணன்னு எதுவும் இல்ல. உங்க வழக்கத்தயும் எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எடுத்துகினு கோர்ட்டுக்கே போறேன்."

மேடம் உள்ளே போய் யாரிடமோ போனில் பேசினார். திரும்பி வந்தவர் பேனாவைத் திறந்தார். "யாரோட போறதா எழுதறது?"

"நானே போறேன்னு எழுதுங்க."

எழுதினார்! கேட் திறந்தது. வாசலில் செல்வி அக்கா போட்ட விசிலுக்குப் போக்குவரத்தே திரும்பிப் பார்த்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல். அண்ணன் வேஷம் பறிபோன பாஷா அண்ணன்தான் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்கு: உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகலும் வயதுக்கான அடையாள அட்டையும் கட்டாயம் வேண்டும். தண்ணீர் எடுத்துப் போங்கள். வழக்கம் என்று யாராவது சொன்னால் எழுதிக் கேளுங்கள். சட்டம் இன்னும் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பம்மல் வீட்டுக்காரர் பயந்து பூட்டுப் போட்டுவிட்டார். வாடகைக்கு விட்டவரையும் சட்டம் இழுக்கும் என்பதால் அவரைத் திட்டவும் மனம் வரவில்லை.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் இரண்டு பெண்களுக்கு வீடு தேடுகிறோம். என்ன தொழில் என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள். தனித்தனியாக இருக்கச் சொல்லி நானே யோசனை சொன்னேன், இருவரும் கேட்கவில்லை. ஒரே வீடுதான் வேண்டுமாம்.