பந்துக்காரருக்கு வைச்ச பொட்டு

ஓம் பிள்ளை, மேல்வீட்டு இங்கிலீசுக் கிழவருக்கு என்னிலை கோவம் எண்டுதான் நானும் நினைச்சனான். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் எனக்கு இந்த வெளிநாட்டிலை கதைக்கச் சுவர்தான். அவர்தான் கதவைத் திறந்து தேத்தண்ணி தருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வேறை ஒண்டும் தெரியாது. சும்மா இருப்பம்.

போன வெள்ளி லாச்சப்பலிலை இருக்கிற எங்கடை ஆக்களின்ரை கோயிலாலை வந்த கையோடை மேலை போனன். சுவரிலை மீசைக்கார மனிசன் ஒராளின்ரை பழைய படம், காலடியிலை பந்து. செத்த மனிசனுக்கு வெறும் நெத்தியோ எண்டு படக் கண்ணாடியிலை சந்தனப் பொட்டு வைச்சுப் பூவும் செருகிவிட்டன். கிழவர் முகம் சிவந்து உள்ளுக்குப் போயிட்டார். இருந்த ஒரு கதவையும் சாத்திப்போட்டன் எண்டு ஒரு கிழமையா எனக்கு அழுகை. மேலை ஏறவேயில்லை.

இண்டைக்குக் காலமை அவரே வந்து தட்டினார். கையிலை, அவர் சொல்லுறதைத் தமிழிலை மாத்திக் கதைக்கிற போன். படத்திலை இருக்கிறது பாட்டனாராம். பஞ்சாலையிலை வேலை செய்தவர், பந்தடிக்கச் சம்பளம் வாங்கின முதல் ஆக்களிலை ஒராளாம். காசுக்கு விளையாடுறான் எண்டு பெரிய இடத்து ஆக்கள் பழிச்சவையாம். முழங்கால் முறிஞ்சதும் பந்தடிக்கிற கிளப் வேண்டாமெண்டு அனுப்பிப்போட்டுதாம், பிறகு ஒருத்தரும் தேடேல்லையாம்.

"அவருக்குப் பூ வைத்த முதல் ஆள் நீங்கள்" எண்டு செய்தி வாசிக்கிற மாதிரிப் போன் சொல்லுது. கிழவர் அழுதார். நான் சிரிச்சன்.

பொறு பிள்ளை, வடைக்கு உழுந்து ஊறிட்டுது. அரைக்கவேணும், மத்தியானம் அவர் சாப்பிட வாறார்.