குளியலறைக் கூரையில் ஓட்டைக் காலணா

பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது. அதற்குள் பதினோரு காசுகளைக் கொன்றுவிட்டேன்.

கொலை என்று சொன்னது நான் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர். கண்ணாடிப் பெட்டியின் ஒரு மூலையில் பழைய காசும் வைத்து விற்பார். வீட்டில் பட்டன் டப்பாவில் கிடந்த காசுகளைக் குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, பளபளவென்று அவரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தவர், துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்: "கொன்னுட்டியளேம்மா. மேல இருக்க கருப்பு அழுக்கில்ல, காசுக்கு அது தோலு. உரிச்சுட்டியளே."

அன்று பால்கோவா வாங்கக்கூட மனம் வராமல் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். ஆனால் ஆசை விடவில்லை. மறுபடி போனேன். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், விரல் வேர்வை படக்கூடாது, ஈரத்தில் வைக்கக் கூடாது, ஒன்றோடொன்று உரசக் கூடாது என்று அவர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். இருபது வருடம் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்த கை என்னுடையது. வீட்டில் துண்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு காசுக்கும் கட்டுப் போட்டு டப்பாவில் அடுக்கிவைத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆஸ்பத்திரி வார்டு மாதிரியில்ல இருக்கு. வெளுக்கப் போட்ட மருந்து துணியில இருக்கும்மா, செம்புக்கு ஆகாது." அதன் பிறகு துணியை ஏழு தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். காசை வைக்கப் பை பையாகத் தைத்த ஆல்பம் ஒன்றையும் அவரிடமே வாங்கினேன்.

நான் சேர்த்தது ஓட்டைக் காலணா. நடுவில் பெரிய ஓட்டை, ஒரு பக்கம் கிரீடமும் வருடமும், மறுபக்கம் இலை வளையம். அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு வருடம் வாசிக்க முடியும், அது போதும். நாற்பத்து மூன்று கிடைத்தது, நாற்பத்து நான்கு இரண்டு கிடைத்தது, நாற்பத்தைந்தும் கிடைத்தது. நாற்பத்தாறில் இந்தக் காசு அடிக்கவே இல்லை என்றார் தம்பி. நாற்பத்தேழு மட்டும் இல்லை. ஆல்பத்தில் அந்த ஒரு பை காலியாக இருந்தது. சாப்பிடும்போதும் அதுதான் ஞாபகம், ஜெபத்தின்போதும் அதுதான்.

ஒருநாள் காலையில் மாடியில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மாடிச் சுவருக்குக் கீழேதான் பக்கத்து வீட்டுக் குளியலறையின் தகரக் கூரை. அவர்களுடைய மாமனார் காலத்தில் போட்டது. தகரத்தை முடுக்கிய போல்ட்டுகளுக்கு வாஷராக என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டைக் காலணா. ஆறு போல்ட்டுக்கு ஆறு காலணா. ஐந்து தாருக்குள் புதைந்திருந்தன. ஓரத்துப் போல்ட்டில் மட்டும் தார் விரிந்து, கிரீடம் தெரிந்தது. பத்தொன்பது தெரிந்தது. ஒரு நாலு தெரிந்தது. கடைசி எண்ணில் பாதி தார், மீதி ஒரு சாய்ந்த கோடு. ஏழின் கால்.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் எனக்குக் கடையில் மீதிச் சில்லறை கேட்கவே நாக்கு எழாது. உங்கள் கூரையின் வாஷரைக் கழற்றித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன். மறுநாளும் நின்றேன். மூன்றாம் நாள், போனை நீட்டி, கேமராவில் இழுத்துப் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வீட்டுக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் மனைவி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாளியோடு முற்றத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, மூணு நாளா எங்க குளியலறையவே பாத்துக்கிட்டு நிக்கிய?"

வாய்க்கு வந்தது இதுதான்: "ஒண்ணுமில்லம்மா. கூரைல என்னமோ நெளிஞ்ச மாதிரி இருந்துச்சு."

பாட்டு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் துண்டோடும் தலை நிறையச் சோப்போடும் வெளியே வந்தார்.

அன்றைக்குள் தெரு முழுக்கப் பாம்பு ஆகிவிட்டது. சாயங்காலம் பாம்பு பிடிக்கிறவர் வந்தார். கூரையைச் சுற்றி மோந்து பார்த்தார். "ஜோடியா இருக்கு" என்றார். இல்லாத பாம்பு ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன தோரணையில் எனக்கே பயம் வந்து, வற்றலை மாடியிலேயே விட்டுவிட்டேன்.

ஆள் வைத்துத் தகரத்தைக் கழற்றினார்கள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றிய காலணாக்களைக் குப்பையில் போட்டால் போய்ப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். தகரத்துக்கு அடியில் இருந்தது ஒரு பல்லியும் ஒரு சோப்புப் பெட்டியும்தான். வேலைக்காரர் காலணாக்களைக் கையில் தட்டிப் பார்த்தார். "இந்த மாதிரி வாஷர் இப்ப எங்க கெடைக்கு" என்று சொல்லி, அதே காலணாக்களை அதே இடத்தில் போட்டு முடுக்கி, மேலே புதுத் தாரைக் கொழகொழவென்று அப்பிவிட்டுப் போனார். இப்போது அந்தச் சாய்ந்த கோடும் தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வீட்டுக்காரருக்குப் பயம் தெளியவில்லை. பாம்பு எங்கேயோ ஒளிந்திருக்கிறது, தகரம் மாட்டியதும் திரும்பி வரும் என்றார். குளியலறைக்குள் கால் வைக்க மறுத்துவிட்டார். இரண்டு நாளைக்கு ஒருமுறை துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அய்யனார் கோவில் அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவார். மலைத் தண்ணீர். இரண்டாம் வாரம் இருமல் பிடித்துக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமும்போதெல்லாம் இந்தப் பக்கம் எனக்கு வேர்த்தது. காடு மேடெல்லாம் அலைகிறவர்கள் பாம்பை மிதித்துவிட்டுப் போகிறார்கள், இவர் என் பொய்யை மிதித்துக் காய்ச்சலில் படுத்துவிடுவார் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். "பாம்பு இல்லம்மா."

"பொறவு?" என்றாள் அவள்.

"காலணா."

முழுக்கதையையும் சொன்னேன். ஆல்பத்தையும் எடுத்து வந்து காலிப் பையைக் காட்டினேன். வீட்டுக்காரர் இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏம் மதினி, ஒரு காலணாவுக்கா நான் அருவிக்குப் பஸ்ஸேறிப் போனேன்? ஒரு வார்த்த கேட்டிருந்தா கழட்டித் தந்திருப்பேனே."

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

"குளியலறையப் போன்ல படம் எடுக்க வெக்கமா இல்ல, கேக்கத்தான் வெக்கமாக்கும்" என்றாள் அவள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவர் சிரித்தால் இருமல் வந்தது, இருமினால் சிரிப்பு வந்தது.

அவர் அப்போதே ஏணியைச் சாத்தி ஏறிவிட்டார். பாம்பு இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் தகரத்தை இரண்டு அடி வேறு அடித்துப் பார்த்தார். ஓரத்துப் போல்ட்டைக் கழற்றி, தார் உருண்டையாக ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். இருவருக்கும் அந்த நாற்பத்தேழைப் பார்க்க என்னைவிட அவசரம்.

"இருங்கக்கா, ஒரு நிமிசத்துல பளிச்சுன்னு ஆக்கிருதேன்" என்று அவள் உள்ளே போய் ஒரு உருண்டைப் புளியோடு வந்தாள்.

"புளி போடாத" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. தெருவில் போன சைக்கிள்காரர் நின்று பார்த்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தேங்காய் எண்ணெயில் போட்டேன். தேய்க்கவில்லை, சுரண்டவில்லை. மூன்று நாள் ஊறி, தார் தானாக இளகி விட்டது. மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நாலு. ஏழின் கால் என்று நான் பார்த்தது நாலின் சாய்ந்த கோடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். அவர் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தார்.

"ஏழு இருக்கா மதினி?"

அந்த மனிதர் அருவியில் நடுங்கியது, தகரம் இறங்கி ஏறியது, எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தது. "இருக்கு" என்றேன். நாற்பத்தேழுக்கு வைத்திருந்த பையில் அதைப் போட்டுக் காட்டினேன். இருவருக்கும் கண் மங்கல், கண்ணாடியும் கொண்டுவரவில்லை. "கிரீடம் எம்புட்டு அழகா இருக்கு" என்றாள் அவள். வீட்டுக்கு யார் வந்தாலும் இப்போது அவளே கூட்டிவந்து அந்தப் பையைக் காட்டுகிறாள். எங்க கூரைல இருந்தது என்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூர்த் தம்பி போன் செய்தார். "அம்மா, நீங்க கேட்ட நாப்பத்தேழு வந்திருக்கு." போனேன். உண்மையான ஏழு, தோல் உரியாதது. வாங்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதை வைக்க இடமில்லையே.

அதே பையில் பின்னால் வைத்திருக்கிறேன். முன்னால் கூரைக் காசு, பின்னால் நாற்பத்தேழு. ஒன்றோடொன்று உரசக் கூடாது என்பதால் நடுவில் ஒரு துண்டு பேண்டேஜ் துணி, ஏழு தண்ணீரில் அலசியது.