மீசைமேல் எழுதிய இரசாயனவியல்

கண்டி நகரத்து மதில்களில் ஒட்டிய போஸ்டர்களில் அரசியல்வாதிகளுக்கு அடுத்தபடியாக அதிகம் சிரிப்பவர்கள் டியூஷன் வாத்தியார்களான சேர்மார்தான். அதில் ஒருவர் கோட்டு மாட்டி, கைகட்டி, இரசாயனவியலையே தன் வீட்டுக் குசினியில் கண்டுபிடித்தவர் போல நிற்பார். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அழுதுகொண்டு வராமல் இருந்திருந்தால், அவரை நான் மதிலோடே விட்டிருப்பேன்.

நான் தெல்தோட்டைப் பக்கம் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். தமிழில் நல்ல குறிப்புகள் அரிது. அதனால் நானே எழுதி, திறந்த உரிமத்தோடு இணையத்தில் போட்டேன். பாட்டையும் படத்தையும் பாடநூலையும் இப்படித் திறந்துவிடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருத்தி என்று கொஞ்சம் பெருமை வேறு. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதை வைத்துச் செய்ததையும் மற்றவர்கள் பிரதியெடுக்க விட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

அந்தப் பிள்ளை தேயிலைத் தோட்டத்திலிருந்து சனிக்கிழமைகளில் கண்டிக்கு, அந்தச் சேரின் வகுப்புக்குப் போகிறவள். அங்கே கொடுக்கிற அச்சடித்த பாடக்குறிப்பை, டியூட்டை, தன் கூட்டாளிக்கு போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சேர் கண்டுபிடித்து, மண்டபம் நிறைந்த பிள்ளைகளுக்கு முன்னால் "கள்ளி" என்று சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். பரீட்சையோ கிட்ட வந்துவிட்டது.

டியூட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துக்குப் பின்னால் மங்கலாகச் சேரின் முகம். பென்சீன் வளையம் சரியாக மூக்கில் விழுந்து மூக்குத்தி போட்டிருந்தது. மீசையின்மேல் ஒரு சமன்பாடு ஓடியது. அடியில், 'பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம்.'

"மிஸ், இந்த பஸ் நம்ம பஸ்தானே?" என்று பிள்ளை ஒரு பத்தியைக் காட்டினாள்.

தாக்க வீதத்தை, அதாவது இரசாயன மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை விளக்க, என் குறிப்பில் தெல்தோட்டை பஸ்ஸை எழுதியிருந்தேன். சனம் நெருங்க நெருங்க மோதல் கூடும், வளைவில் வேகமாகத் திருப்பினால் இன்னும் பலமாக மோதும் என்று. என் குறிப்பை அப்படியே அச்சடித்த, காரில் திரிகிற மனுஷன் அந்த பஸ்ஸைக்கூட இறக்கிவிடவில்லை. பாடத்தின் கடைசியில் சில மாதிரி வினாக்களை மட்டும் சேர்த்திருந்தார். பிள்ளைகள் பறந்தது அந்த வினாக்களுக்குத்தான்.

அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அந்தச் சேரிடம் போனேன்.

"ராப்பகலா கஷ்டப்பட்டு செய்யிறோம் மிஸ். இப்படி களவா கொப்பி எடுத்தா நாங்க எப்படி வாழுறது?" என்றார். குரல் தழுதழுத்தது.

"இத எழுதினது நான்."

"அப்படியா? நெட்டுல சும்மா கிடந்திச்சு மிஸ்."

பஸ்ஸில் விட்டுப்போன குடையை எடுத்தவன்கூட இதைவிடக் கூச்சப்படுவான். போனில் உரிமத்தைக் காட்டினேன். யாரும் பயன்படுத்தலாம் என்ற முதல் வரியோடு அவருக்கு வாசிப்பு முடிந்துவிட்டது. அடுத்த வரிகளை விரல் வைத்துக் காட்டினேன். மதிலில் சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தார்.

"பேர்தானே பிரச்சினை? அடுத்த டியூட்ல போட்டுருவோம். வேணும்னா உங்க போட்டோவும் போடலாம்."

"போட்டோ வேணாம். கொப்பி எடுக்கலாம்னு போடுங்க. இவள உள்ள விடுங்க."

"அதெல்லாம் செஞ்சிருவோம் மிஸ்."

பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்தாள். நான் வெற்றியோடு பஸ் ஏறினேன்.

அடுத்த டியூட்டைப் பிள்ளை கொண்டுவந்து காட்டினாள். என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, 'இவருடைய அனுமதியின்றிப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றம்.'

டியூட்டைப் பறித்துக்கொண்டு, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு, பஜாரில் போட்டோ கொப்பிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ஏலா டீச்சர். கூடாதுண்டு போட்டீக்கே. போன முறை அந்த சேர் போன்ல கோல் எடுத்து ஏசினாரு."

"அந்தப் பேர் நான்தான். நான் அனுமதி தாறேன்."

அவர் டியூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்த படத்துல ஈக்கிறது மீசக்காரர் டீச்சர்."

நான் கத்திய கத்தலில் பஜாரே திரும்பிப் பார்த்தது. அவர் அசையவில்லை. திரும்பினால், பிள்ளை கடைப் படியில் உட்கார்ந்து, நான் மேசையில் போட்ட டியூட்டை எடுத்து மடியில் வைத்து, கூட்டாளிக்காக வினாக்களைத் தன் பயிற்சிக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். என் நிழல் விழுந்ததும் பேனையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"மிஸ், கையால எழுதினா நீங்க ஏச மாட்டீங்கதானே?"