சின்னவனின் கம்பளிச் சட்டை

தராசுக்காரர் யாரைப் பார்த்தாலும் சௌக்கியமா என்று கேட்க மாட்டார். "ஏறி நில்லு" என்பார். கடை வாசலில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று கிடக்கும். அதில் ஏறி இறங்கினால்தான் மற்ற பேச்சு. தபால்காரர் ஏறியிருக்கிறார். வரி பாக்கி கேட்க வந்த அதிகாரி கோப்பும் கையுமாக ஏறி, "கோப்பைக் கீழ வெச்சுட்டு ஏறுங்க சார்" என்று இறக்கிவிடப்பட்டிருக்கிறார். மகளைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்ல வந்த பையனும் ஏறினான். "முதல்ல உடம்பைத் தேத்திட்டு வாப்பா" என்று திருப்பி அனுப்பினார். பையன் ரோஷக்காரன். மூன்று மாதம் தின்றுவிட்டு வந்து மறுபடி ஏறினான். அவன்தான் மருமகன்.

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில். "முள்ளு பொய் சொல்லாது" என்பது அவர் பேச்சில் முற்றுப்புள்ளி மாதிரி வரும். மகள் அளவுக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் வெளியே காட்ட மாட்டார். "நீ சான்றிதழ் குடுக்கறவ. நான் தராசு குடுக்கறவன்" என்பார்.

ஊரில் ஒரு சேவைச் சங்கம் உண்டு. வியாழக்கிழமை மாலை கூடும். தலைவர் ஒரு பல் டாக்டர். கடல் தாண்டி இன்னொரு நாட்டில் அதற்கு ஒரு கூட்டாளிச் சங்கம். அந்த நாட்டுக் கிராம மருத்துவமனைகளில் குழந்தைகளை நிறுக்கத் தராசு இல்லை. இங்கே மருத்துவமனைகள் எண் காட்டும் புதுத் தராசு வாங்கிக்கொண்டு, முள் வைத்த பழையதை மாடிப்படிக்கு அடியில் போட்டிருந்தன. சங்கம் அவற்றைச் சேகரித்தது. தராசுக்காரர் துரு நீக்கி, சுருள்கம்பி மாற்றி, முள்ளைச் சரிசெய்து கப்பலில் ஏற்றிவிடுவார். பதிலுக்கு அங்கிருந்து பயிற்சி நர்சுகள் வருவார்கள். உறுப்பினர்கள் வீட்டில் இரண்டு மாதம் தங்கி, இங்குள்ள மருத்துவமனையில் வேலை கற்பார்கள்.

தராசுக்காரர் வீட்டுக்கு வந்த முதல் நர்ஸ், இறங்கிய அன்றே மூட்டைத் தராசில் ஏற்றப்பட்டாள். ஊருக்குக் கிளம்பும் அன்றும் ஏற்றப்பட்டாள். பரிமாற்றத்தின் பலன் என்ன என்று சங்கம் அறிக்கை கேட்டது. மற்றவர்கள் நல்லெண்ணம், சகோதரத்துவம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். தராசுக்காரர் எழுதியது ஒரே வரி: ஆறு கிலோ.

குழந்தைத் தராசின் தட்டு தொட்டில் மாதிரி குழிந்திருக்கும். எடைக்கல்லை வைத்தால் ஒரு பக்கமாக உருளும். அதனால் கெட்டித் துணியில் மணல் நிரப்பி, கைகால் வைத்து ஒரு பொம்மை செய்தார். மனைவி தைத்துக் கொடுத்தாள். சரியாக ஐந்து கிலோ. பெயர் சின்னவன். ஒரே மகளுக்கு இப்படித்தான் ஒரு தம்பி வாய்த்தான். "உன் தம்பியைப் பாரு, படுக்க வெச்சா அப்படியே கிடக்கறான். நீ அந்த வயசுல தட்டையே உதைச்சுத் தள்ளுனே" என்று போனில் சொல்வார்.

தராசுக்காரர் கடையிலேயே இறந்தார். மாரடைப்பு. கையில் திருப்புளி இருந்தது. மகள் வந்து சேர்ந்தபோது அதை யாரோ அவர் சட்டைப்பையில் செருகியிருந்தார்கள். மகள் அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அழவில்லை.

அழ நேரமும் கிடைக்கவில்லை. அடுத்த வாரமே பல் டாக்டர் வந்துவிட்டார்.

"சனிக்கிழமை கப்பலும்மா. மொத்தம் பதினோரு தராசு போகணும், பாதிதான் முடிஞ்சிருக்கு. நீதான் பாக்கணும். வியாழக்கிழமை கூட்டத்துல திட்டத்துக்கே அப்பா பேரை வெக்கறோம். அந்த நாட்டுக்காரங்களும் வீடியோல வர்றாங்க."

"பாக்கறேன் மாமா."

அவள் ஆய்வுக்கூடத்திலிருந்து எடைக்கற்களை வரவழைத்தாள். அப்பா வேலை முடித்து வைத்திருந்த ஒரு தராசில் ஐந்து கிலோ வைத்தாள். முள் ஐந்துக்கு வரவில்லை. கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. இன்னொரு தராசு. அதுவும் அப்படியே. சின்னவனைப் படுக்க வைத்தாள். முள் கச்சிதமாக ஐந்தில் நின்றது.

தராசு அத்தனையும் சின்னவன் பேச்சைத்தான் கேட்டது. அப்படியென்றால் பிசகு சின்னவனிடம். ஆய்வுக்கூடத்துக் கற்களை எதிரே வைத்து அவனைத் தனியே நிறுத்தாள். நூற்றிருபது கிராம் அதிகம்.

மணல் ஈரம் குடித்திருக்குமோ? தூசி சேர்ந்ததோ? காரணம் எதுவாக இருந்தால் என்ன. அப்பா அனுப்பிய தராசெல்லாம் எடையைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. குழந்தைக்கு மருந்து கொடுப்பது எடை பார்த்துத்தான். அப்பாவிடம் இருந்த ஒரே கர்வம் அந்த முள். அது பொய் சொல்லியிருக்கிறது.

பல் டாக்டரிடம் சொன்னாள். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருஷமாக மற்றவர்களைத்தான் அப்படி வைத்திருந்தார்.

"யாருக்கும்மா தெரியும்? இந்தப் பதினொண்ணை சரி பண்ணி அனுப்பு. பழசைக் கிளற வேண்டாம். போன மனுஷன்."

"பழசுல இன்னைக்கும் குழந்தைங்களை நிறுக்கறாங்க மாமா."

"பேர் வெக்கற அன்னைக்கா சொல்லணும்?"

"பேர் வெக்கறதுக்கு முன்னாடி சொல்லணும்."

வியாழக்கிழமை அம்மாவும் கூட்டத்துக்கு வந்தாள். சின்னவனை மடியில் உட்கார வைத்திருந்தாள். சுவரில் திரை. திரையில் தலைமை நர்ஸ். அந்த ஆறு கிலோ நர்ஸ்தான். அவள் தமிழெல்லாம் தராசுக்காரர் கடையில் கற்றது. எல்லாரையும் அதட்டுகிற மாதிரியே இருக்கும்.

"என்ன எல்லாரும் இளைச்சுப் போயிருக்கீங்க? டாக்டர், நீ மட்டும் குண்டா இருக்கே!"

சபை சிரித்தது. மகள் எழுந்தாள். சுற்றி வளைக்கவில்லை. சின்னவன் நூற்றிருபது கிராம் அதிகம், அவனை வைத்துச் சரிபார்த்த தராசெல்லாம் தப்பு, அவற்றைத் திருத்த ஆள் அனுப்ப வேண்டும், பெயர் வைப்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றாள். பல் டாக்டர் கூரையைப் பார்த்தார்.

திரையில் நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா, அது எங்களுக்கு எப்பவோ தெரியுமே! முதல் வருஷம் வந்தது நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வருஷத்துலேருந்து எல்லாம் கம்மியாக் காட்டுது. பெட்டியைப் பிரிச்சதும் நாங்களே ஒரு திருகு திருகி சரி பண்ணிட்டுத்தான் கிராமத்துக்கு அனுப்புவோம்."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"சொல்லாம? போன்ல சண்டையே போட்டோம். முள்ளு பொய் சொல்லாது, உங்க ஊர்க் குழந்தைங்கதான் நோஞ்சான், போய் சாப்பாடு போடுன்னாரு. அப்புறம் உங்க சங்கப் பத்திரிகையில போட்டோ பாத்தேன். அப்பதான் புரிஞ்சுது. அக்கா, தம்பி என்ன போட்டிருக்கான் பாரு."

எல்லார் கண்ணும் அம்மா மடிக்குப் போனது. சின்னவன் நீலக் கம்பளிச் சட்டை, குல்லா, காலுறை சகிதம் உட்கார்ந்திருந்தான்.

"என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள் அம்மா. "முதல் வருஷம் இவரு குழந்தையை அம்மணமாத் தூக்கிட்டு போட்டோவுக்கு நின்னாரு. நாலு நாட்டுல பாப்பாங்களேன்னு பின்னிப் போட்டேன். கழண்டு விழுதேன்னு கழுத்துல தையலும் போட்டேன். அதுல என்ன தப்பு?"

தூசி வரைக்கும் யோசித்த மகள், கண்ணெதிரே இருந்த சட்டையை யோசிக்கவில்லை.

"அதையும் அவர்கிட்ட சொன்னேன்மா" என்றாள் நர்ஸ். இப்போது அதட்டல் இல்லை. "சட்டையைக் கழட்டிட்டு நிறுத்துப் பாருங்கப்பான்னேன். 'போடி, அவ பின்னினதுக்கு எடை ஏது'ன்னு போனை வெச்சுட்டாரு."

அம்மா சின்னவனின் குல்லாவைச் சரிசெய்தாள். சரியாக இருந்த குல்லாதான்.

"எங்கிட்ட சட்டையில கை ஒண்ணு நீளம், கை ஒண்ணு குட்டைன்னுதான் சொன்னாரு" என்றாள்.

மறுநாள் கடையில் அம்மா கழுத்துத் தையலைப் பிரித்தாள். மகள் சின்னவனை நிறுத்தாள். ஐந்து கிலோ. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்பா செய்த சின்னவன் சரியாகத்தான் இருந்தான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மா அதைப் பார்க்காத மாதிரி வாசலில் போய் நின்றுகொண்டாள்.

"சீக்கிரம் முடிடி. தெருவுல ஆள் போகுது. பிள்ளை துணியில்லாம கிடக்கறான்."

மகள் பையிலிருந்து அப்பாவின் திருப்புளியை எடுத்தாள். பதினோரு தராசிலும் சின்னவன் படுத்து எழுந்தான். பதினொன்றும் ஐந்து காட்டின. கடைசித் தராசைப் பெட்டிக்குள் வைத்ததும் அம்மா வந்து அவனுக்குச் சட்டை மாட்டினாள். கழுத்துக்கு இந்த முறை தையல் போடவில்லை. பொத்தான் வைத்தாள்.

பிறகு வாசல் பக்கம் கை காட்டினாள்.

"ஏறி நில்லு."

மகள் மூட்டைத் தராசில் ஏறினாள். அம்மா அவள் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"இளைச்சுட்டே."

"முள்ளைப் பாக்கவே இல்லையேம்மா."

"அது கிடக்குது. இறங்கி சாப்பிட வா."