பருப்பு வெந்த தண்ணீர்

என் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். சொல்ல நாற்பது ஆண்டுகள் இருந்தன. அவள் இப்போது இல்லை.

ஐம்பதுகளின் கடைசியில் நான் சிவகாசியில் பௌதிக ஆசிரியர். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம் இருந்தது. அரசாங்க லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே தந்திக் குறிகளைத் தட்டி, முகம் தெரியாத அயல்நாட்டுக்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. பேசுவதெல்லாம் ஊர், ஏரியல் கம்பியின் உயரம், வானிலை. இதற்காகவா என்று கேட்டால், ஆம், இதற்காகத்தான்.

நாங்கள் குடியிருந்த தெருவில் பக்கத்துக்குப் பக்கம் அச்சகம். மோட்டார் ஓடத் தொடங்கினால் என் பெட்டியில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. காலண்டர் சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். ஆகவே வீடு தேடினேன். தாயில்பட்டி சாலையில், ஊரை விட்டுத் தள்ளி, மேட்டில் ஒரு வீடு கிடைத்தது. மின்சாரம் கிடையாது, ரேடியோவுக்கு லாரி பேட்டரி போதும். வீட்டின் இருபுறமும் எனக்காகவே நட்டதுபோல இரண்டு பனைமரங்கள். நடுவே கம்பி கட்டினால் உலகமே வந்துவிடும்.

மனைவி ஒரே நிபந்தனை வைத்தாள். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்கிற பெண்கள் முதலில் கேட்பது சுவரையோ கூரையையோ அல்ல. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகவேண்டும். உப்புத் தண்ணீரில் அது வேகாது. அவளுக்கு டூட்டி இருந்ததால் தூக்குவாளியை என்னிடம் கொடுத்தாள்.

"தண்ணி கொண்டாங்க. வெந்தா வாரேன். வேகலைன்னா நீங்களும் உங்க கம்பியும் அங்கன குடும்பம் நடத்துங்க."

மேட்டு வீட்டுக் கிணற்றில் இறைத்து வாயில் வைத்தேன். துப்பினேன். பனைமரங்களை இன்னொரு முறை பார்த்தேன். திரும்பும் வழியில் ஆஸ்பத்திரி வளாகத்து நல்ல தண்ணீர்க் கிணற்றில் சைக்கிளை நிறுத்தி, வாளியைக் கொட்டி, நன்றாகக் கழுவி, நிரப்பிக்கொண்டேன். பரிசோதனையில் கலப்படம் கூடாதல்லவா.

பருப்பு வெண்ணெயாக வெந்தது. குடிபோனோம்.

புது வீட்டில் முதல் நாள் குழம்பில் பருப்பு கல்லாகக் கிடந்தது. அவள் கரண்டியால் நசுக்கிப் பார்த்தாள்.

"கோடையில ஊத்து மாறிப்போச்சு போல. மழை விழுந்தா திரும்பிரும்."

"இருக்கும்" என்றேன்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக் கிணற்றிலிருந்து ஒரு தகர டின்னில் தண்ணீர் பிடித்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். எனக்கும் வாழ்வு சுகப்படவில்லை. பக்கத்துக் காட்டில் பட்டாசு கம்பெனி. மேகம் திரண்டால் கம்பெனி போர்மேன் வாசலுக்கு வந்துவிடுவார்.

"வாத்தியாரய்யா, கம்பிய இறக்குறீகளா, இல்ல நாங்க அம்புட்டுப் பேரும் இப்பமே வீட்டுக்குப் போகவா? இடி உங்க கம்பிய மட்டும் பாத்து இறங்குமா?"

இறக்குவேன். மேகம் கலைந்தால் ஏற்றுவேன்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு நர்ஸ் சேர்ந்தாள். கைக்குழந்தைக்காரி. அதே கிணற்றில் தண்ணீர் எடுக்கிற எங்கள் அடுத்த வீடு காலியாக இருந்தது. அதைப் பார்க்க வந்தவள், தண்ணீர் எப்படி என்று என் மனைவியிடம் கேட்டாள்.

"இப்பம் கொஞ்சம் உப்பு. மழை வந்தா நல்லாயிரும். நானே என் கையால பருப்பு போட்டுப் பாத்தேன்" என்றாள் மனைவி. நான் பக்கத்திலேதான் நின்றேன். கையிலிருந்த செய்தித்தாளில் இனி மடிக்க ஏதுமில்லை; இன்னும் ஒருமுறை மடித்தேன்.

அந்த நர்ஸ் குடிவந்தாள். மழையும் வந்தது. கிணறு கைக்கெட்டும்படி நிறைந்தது. உப்பு அப்படியே இருந்தது. மனைவி இன்னொரு டின் வாங்கினாள்.

"எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன், தெரியாதவன் போல.

"என் பேச்ச நம்பி வந்தவ. பிள்ளைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணி வேண்டாமா?"

ஒரு மாலை இரண்டு டின்களையும் இறக்கிவைத்துவிட்டு, சிவந்த உள்ளங்கைகளைச் சேலையில் துடைத்தபடி என் அறை வாசலில் நின்றாள். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அப்போது ரேடியோவில் இலங்கையிலிருந்து ஒருவர் என்னை அழைத்தார். வெகுநாள் காத்திருந்த குறி. உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன கேக்காக?" என்றாள்.

"இருக்கிற இடம் எப்படின்னு."

"தண்ணியப் பத்திக் கேட்டா, அடுத்த மழைக்குத் திரும்பிரும்னு சொல்லுங்க" என்று சொல்லி, ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மேடான இடம், நல்ல இடம் என்று தட்டினேன்.