முடியாது என்று சொல்லாத ஊர்

எங்கள் பனியன் கம்பெனிக்கு இன்று வந்த டென்மார்க் பையர் (சரக்கு வாங்குபவர்), சாப்பிடும்போது சொன்னார்: "நாற்பது நாடு சுற்றிவிட்டேன். உங்கள் ஊர்க்காரர்கள்தான் ரொம்ப அன்பானவர்கள். யாருமே முடியாது என்று சொல்வதில்லை."

அடுத்து அவரே கேட்டார்: "வெள்ளிக்கிழமை சரக்கு கிளம்பிவிடுமா?"

துணியே இன்னும் சாயப்பட்டறையிலிருந்து வரவில்லை.

முதலாளி சிரித்தபடி, "அதுக்கென்னங்க, அனுப்பீரலாங்க! இன்னொரு வடை வெச்சுக்குங்க" என்றார். நானும் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன்.

கார் கிளம்பியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். "அவ்ளோ தூரத்துல இருந்து வந்த மனுசங்கிட்ட, மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படி அம்மிணி சொல்றது? நீ பொறவு ஒரு மெயில் போட்டுரு."

'டியர்' வரைக்கும் அடித்துவிட்டேன்.

நாற்பது நாட்டிலேயே ரொம்ப அன்பான மக்கள் அடுத்த வரியில் என்ன எழுதுவார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.