பெட்ரோல் வண்டிக்கு அப்பா கொண்டுவந்த டீசல்

வெள்ளிக்கிழமை காலைப் பத்து மணி வெயில் ராஜகோபுரத்திலிருந்து வழிந்து அண்ணனின் அம்பாசிடர் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. யாரோ ஓட்டிச் சலித்த வண்டிதான். ஆனாலும் சந்தனம், சாமந்தி மாலை, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் என்று மாப்பிள்ளை மாதிரி நின்றது. அரிசி மில் வேலையை விட்டுவிட்டு அண்ணன் டாக்சி ஓட்டத் தொடங்கும் நாள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்கார அம்மாளை மெட்ராஸில் விமானம் ஏற்றிவிடுவது முதல் சவாரி. பதினொன்றரைக்குள் வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

அர்ச்சனை முடிந்து வெளியே வந்தோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த அப்பா, இரண்டு காலி டின்களோடு பூரித்துப்போய் நின்றார்.

"வெறுங்கையோட வர்றதான்னு கொல்லையிலேர்ந்து எடுத்தாந்தேன்டா. டேங்கை ரொப்பிட்டேன்."

"என்னத்தப்பா ரொப்புன?" என்றார் அண்ணன்.

"டீசல்தான். தண்ணி எறைக்கிற நம்ம இஞ்சினு பின்ன பாலையா குடிக்குது?"

"இது பெட்ரோல் வண்டிப்பா!"

"இஞ்சினுன்னா இஞ்சினுதான். அது ஒரு நாளும் இருமினதில்ல, தெரியுமா?"

ஒருவேளை ஓடிவிடுமோ என்ற நப்பாசையில் அண்ணனின் கை ஜன்னல் வழியே சாவிக்குப் போனது. பேச்சு காதில் விழுந்து எதிர் ஷெட்டிலிருந்து மெக்கானிக் பாய் கைலியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"சாவியத் தொடாதீங்க! ஸ்டார்ட் பண்ணாத வரைக்கும் டேங்கோட போச்சு. பண்ணிட்டீங்கன்னா குழாயி, கார்புரேட்டரு, எல்லாம் கழட்டணும். ஷெட்டுக்குத் தள்ளுங்க."

பூஜை போட்ட குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வண்டி கிளம்பி, பழம் நசுங்கியாகணும்."

"நசுங்கட்டும் சாமி. தள்ளுனா நசுங்காதா?" என்றார் பாய்.

தள்ளினோம். காவி, கைலி, வேட்டி, பஸ்ஸுக்கு நின்ற சட்டைகள், எல்லாம் ஒரே முதுகாக வளைந்து தள்ளின. அப்பாதான் ஜாஸ்தி முக்கினார். மூன்று பழம் பட்டென்று வெடித்தது. நாலாவது நழுவிச் சாக்கடைப் பக்கம் ஓடியது. பூக்காரம்மா காலால் மறித்துச் சக்கரத்தடியில் தள்ளினார்: "எங்க போற? உனக்கு மட்டும் தனி ரூட்டா?"

ஷெட்டில் பாய் டேங்கின் அடியில் இருந்த திருகாணியைக் கழற்றினார். டீசல் முக்கால்வாசி அப்பாவின் டின்களுக்கும் மீதி பாயின் கைலிக்கும் போனது. கொஞ்சம் பெட்ரோல் விட்டு டேங்கை அலசி, அதையும் வடித்து, குழாயை வாயால் ஊதி, புதுப் பெட்ரோல் நிரப்பியபோது மணி பதினொன்றே கால்.

அண்ணன் சாவியைத் திருப்பாமல் அப்பாவைப் பார்த்தார். "ராகு காலத்துல எப்படிப்பா எடுக்கறது?"

"வண்டி கிளம்புனது பத்தரைக்கு முன்னாடிடா. நடுவுல கொஞ்சம் நின்னுது. போற வழியில காபிக்கு நிக்கிறதில்ல?" என்றார் அப்பா.

அண்ணன் கண்ணை மூடிச் சாவியைத் திருப்பினார். இரண்டு செருமல், ஒரு பெரிய புகை, பிறகு உறுமல். அந்த வெள்ளைக்கார அம்மாள் பெட்டியோடு வாசலிலேயே நின்றிருந்தார், விமானத்தையும் பிடித்துவிட்டார் என்பதெல்லாம் மறுநாள் அண்ணன் வந்து சொன்னது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, செங்கம் ரோட்டில் சாமந்தியை உதிர்த்துக்கொண்டு ஓடும் ஒரு வண்டியின் பின்புறம் மட்டும்தான். அதன் பின்னாலேயே அப்பா கத்திக்கொண்டு ஓடினார்:

"பாத்துப் போடா! வழியில யாராவது டீசல் கொடுத்தா வாங்கி ஊத்திடாத!"